குழியில் தண்ணீர், கூரைமேல் அறை

கொல்கத்தாவின் பழைய கார் ஷெட் ஒன்றில் லிப்ட் மாட்டுவது கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வரும் காரியமல்ல. மண்ணையும் மழையையும் கேட்டுக்கொண்டுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

ஜூலை பிறந்துவிட்டால் அந்த வீட்டில் காலையில் முதல் வேலை, கார் ஷெட்டுக் குழியில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான். மொத்தம் ஏழு படிகள். ஜூலையில் ஐந்து தெரியும். ஆகஸ்டில் மூன்று. செப்டம்பரில் பலகையைத் தூக்கினால் தளும்பும் கறுப்புத் தண்ணீர்தான் தெரியும், அதில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் பல்பு வெளிச்சம் ஏழு நிறமாக ஆடும். காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்ப்பதற்காக வெட்டிய குழி அது. வருடத்தில் நான்கு மாதம் அதில் இறங்க முடியாது.

தென் கொல்கத்தாவில், ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து ஏரிப் பக்கம் பிரியும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது வீடு. பச்சை மரச் சட்டங்கள் அடித்த ஜன்னல்கள், சிவப்பு சிமெண்ட் தரை, மாலை அரட்டைக்கென்றே வாசலில் கட்டிய 'ரோயாக்' என்ற திண்ணை. நடந்தால் சில நிமிடங்களில் லேக் மார்க்கெட். வாழைப்பூவும் காப்பிப் பொடியும் அங்கே தமிழில் பேரம் பேசி வாங்கலாம். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் வட்டாரம். இந்த வீடு வங்காளிகளுடையது. ரயில்வேயில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எஞ்சினியர் இப்போதைய சொந்தக்காரர். வயது எழுபது. ஷெட்டில் நிற்பது அவருடைய அப்பா வாங்கிய 1972-ஆம் வருட அம்பாசடர் மார்க் டூ. குழியை வெட்டியதும் அப்பாதான்.

பாலத்தின் தூணில் மயிரிழை விரிசல் கண்டாலும் ரயிலை நிறுத்தச் சொன்ன மனிதர், தன் வீட்டில் ஒரு ஜாக்கியையும் நாலு செங்கல்லையும் நம்பி ஆயிரத்து நூறு கிலோ இரும்புக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார். 2024 பூஜை முடிந்த வாரத்தில் ஒரு மாலை, ஜாக்கி வழுக்கியது. தரை வாசல் பக்கம் லேசாகச் சரிவு. வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக அப்படிப் போட்டது. பின்சக்கரம் கழற்றியிருந்த நிலையில் கார் நகர்ந்து, சரிந்து, விழுந்தது. நாலு அங்குலம்தான் விழுந்தது. வழக்கமாக வரும் மெக்கானிக் பழைய பழக்கத்தில் அடியில் உருட்டி விட்டிருந்த டயர் தாங்கிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் தவழ்ந்து வெளியே வந்து பீடி பற்றவைத்தார். அவருடைய இடது தோள் முழுதாக உயராது. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே போன்ற ஒரு மாலையில் டயர் போட மறந்ததன் மிச்சம் அது.

மறுநாள் காலையே லிப்ட் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த லிப்ட் என்று முடிவாக மேலும் மூன்று மாதம் பிடித்தது.

கொல்கத்தாவின் கார் ஷெட்டுகளுக்கு இரண்டு பூர்வீகம். வடக்கே, ஜமீன்தார்களின் மாளிகைகளில், குதிரை லாயங்கள் கார் ஷெட்டுகளாயின. சாரட் வண்டி உள்ளே வர வேண்டும் என்பதால் அங்கே கூரை உயரம், வாசல் அகலம். தெற்கே கதை வேறு. 1912-இல் அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சதுப்பு நிலங்களை எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்து விற்ற பகுதி இது. 1920-களில் தோண்டிய ஏரிதான் இப்போது ரவீந்திர சரோபர். தோண்டிய மண் சுற்றிலும் இருந்த பள்ளத்தை மேடாக்கியது. அந்த மேட்டில் டாக்டர்களும் வக்கீல்களும் வீடு கட்டினார்கள். மனை சிறியது, எனவே ஷெட்டும் ஒரே ஒரு ஆஸ்டின் அல்லது மாரிஸ் நுழையும் அளவுக்குத்தான். ஷெட்டின் தலைக்கு மேல் டிரைவருக்கு ஓர் அறை. இடத்தை வீணாக்காத கெட்டிக்காரத்தனம். தொண்ணூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் காரை ஆகாயத்தில் தூக்கப் பார்ப்பார் என்று கட்டியவர் எப்படி நினைத்திருப்பார்?

குழியில் ஏன் தண்ணீர் வருகிறது என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. ஊரே டெல்டா. மேலே சில அடி நிரப்பிய மண், அதன் கீழே களிமண், இடையிடையே மக்கிய மரமும் இலையுமாக ஒரு கறுப்பு அடுக்கு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்குக் கிட்டே வந்து நிற்கும். 2019 ஆகஸ்ட் கடைசியில் பௌபஜாரில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் குடைந்த இயந்திரம் நீரூற்று ஒன்றில் மோதியதும், மேலே வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. பெரிய கம்பெனிகளையே ஆட்டிவைக்கும் அந்தத் தண்ணீரை ஒரு செங்கல் குழியும் சிமெண்ட் பூச்சும் தடுக்கும் என்று நினைத்தது அப்பாவின் நல்ல மனசு. மூன்று முறை பூசிப் பார்த்தார். மூன்று முறையும் தண்ணீர் அடியிலிருந்து பூச்சைத் தூக்கிக்கொண்டு வந்தது.

தண்ணீர் இல்லாத மாதங்களிலும் குழி அவ்வளவு நல்ல இடமல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கார்புரேட்டர் கசிந்தால் ஆவி மேலே போகாமல் குழியில் இறங்கித் தங்கும். அங்கே தொங்குவதோ கையில் பிடிக்கும் பல்பு. போதாததற்கு இப்போது டெங்கு. தேங்கிய தண்ணீர் தேடி வரும் மாநகராட்சி ஊழியர்கள் தொட்டி, பூந்தொட்டி, டயர் என்று பார்த்துக்கொண்டே வந்து இந்தக் குழியின் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள்.

இந்த ஊரில் கார் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்துக்கும் ஆலோசனை மல்லிக் பஜாரில்தான் தொடங்க வேண்டும். பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மூலை. ஒரு பக்கம் 1767-இல் திறந்த பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். கோபுரமும் தூணுமாகப் பாசி பிடித்த சமாதிகள். இன்னொரு பக்கம் கார்களின் கல்லறை. கதவுகள் தனியாக, பம்பர்கள் தனியாக, ஸ்டியரிங் சக்கரங்கள் மாலை மாதிரி கோர்த்து. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது. 2017-இல் அந்தப் பெயரே 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஷோ குழுமத்துக்குப் போனது. ஆனால் ஒரு மார்க் டூவுக்கு முன்பக்க டார்ஷன் பார் வேண்டுமென்றால் மல்லிக் பஜார் இன்னும் கைவிடுவதில்லை. பாதி நேரம் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது.

இங்கே யாரிடமும் லிப்ட் கிடையாது. நடைபாதை ஓரத்தில், கால்வாய் மூடிமேல், மரத்தடியில் கார்கள் செங்கல்லின் மேல் நிற்கின்றன. பொடியன்கள் அட்டைப்பெட்டியை விரித்து அடியில் நுழைகிறார்கள். கியர்பாக்ஸைக் கயிற்றில் கட்டி இறக்கி மார்பில் வாங்கிக்கொள்ளும் வித்தையை இங்கே பதினாறு வயதில் கற்றுவிடுகிறார்கள். லிப்ட் பற்றிக் கேட்டால் உஸ்தாத்கள் சிரிக்கிறார்கள். அது பைபாஸ் சாலையில் இருக்கும் கண்ணாடி ஷோரூம்காரர்களின் சமாச்சாரம். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு உஸ்தாதும் ஒரு விரலையோ விலாவையோ காட்டுகிறார். ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தாங்குவதற்குத் தனி ஸ்டாண்டு வாங்குவது என்னவோ எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது.

விற்பவர்கள் இருப்பது கணேஷ் சந்திர அவென்யூ பக்கம். அங்கே கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை டன்? வாங்குபவரும் அதைத்தான் கேட்கிறார். லிப்ட் வாங்குவதில் மிகக் குறைவாக உபயோகப்படும் எண் அதுதான். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று, நான்கு டன் தாங்குபவை. அம்பாசடர் ஏறத்தாழ ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கிவிடும். மாருதி 800 என்றால் முக்கால் டன்னுக்கும் குறைவு. டன்னைப் பற்றி வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டியதே இல்லை. அவர் எடுத்துப் போயிருக்க வேண்டியது டேப்.

எஞ்சினியர் டேப்போடுதான் போயிருந்தார். ஷெட்டின் அகலம் பத்தடி. நீளம் பதினெட்டடி. தரையிலிருந்து டிரைவர் அறையின் அடி உத்தரம் வரை ஒன்பதரை அடி. கார் பதினாலடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்தரை அடி அகலம், ஐந்தேகால் அடி உயரம்.

அவர் மனதில் இருந்தது இரட்டைத் தூண் லிப்ட். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாம் பார்க்கலாம். இருபுறமும் இரண்டு தூண், தூணுக்கு இரண்டு கை, நான்கு கைகளும் காரின் வயிற்றுக்கு அடியில் நீண்டு அதைத் தூக்கும். சக்கரம் நான்கும் சும்மா தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன் எல்லா வேலைக்கும் வசதி. ஆள் உயரத்துக்கு மேல் தூக்குவதால் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். பார்க்கவும் கம்பீரம். ஆனால் அதன் மொத்த அகலம் பதினொரு அடியைத் தொடும். ஷெட் பத்தடி. அகலம் இருந்திருந்தாலும் உயரம் இல்லை. ஒன்பதரை அடியில் காரின் ஐந்தேகால் போனால் மிச்சம் நாலேகால் அடி. அதற்கு மேல் தூக்கினால் காரின் கூரை டிரைவர் அறையின் தரையில் முட்டும். ஆறடி தூக்கும் இயந்திரத்தை வாங்கி நாலடியில் நிறுத்துவதற்கா அத்தனை பணம்?

நான்கு தூண் லிப்ட் சாதுவானது. காரை இரண்டு தண்டவாளம் போன்ற பலகைகள் மேல் ஓட்டி நிறுத்த வேண்டும். சக்கரங்களோடு அப்படியே தூக்கும். பழைய வண்டிக்கு இதுவே நிம்மதி, ஏனென்றால் துருப்பிடித்த அடித்தகட்டில் எந்தக் கையும் படாது. பாரம் நான்கு மூலைகளுக்குப் பிரிவதால் தரையிடமும் அவ்வளவு கறார் கிடையாது. மேலே ஒரு காரை நிறுத்திக் கீழே இன்னொன்றை விடலாம் என்பது உபரி. சக்கரம் கழற்ற மட்டும் நடுவில் இன்னொரு ஜாக்கி வேண்டும். ஆனால் தூண்களோடு சேர்த்து ஒன்பதடிக்கு மேல் அகலம். பத்தடி ஷெட்டில் அது உட்கார்ந்தால் மனிதர் பக்கவாட்டில் நழுவித்தான் போக வேண்டும். எழுபது வயதில் அது ஒரு யோகாசனம்.

மூன்றாவது, தமிழ்நாட்டுக்காரர்கள் சின்ன வயதில் பெட்ரோல் பங்கில் வாய் பிளந்து பார்த்தது. தரையிலிருந்து ஒற்றைப் பளபளப்புத் தூண் எழும்பி, அதன் உச்சியில் கார் உட்கார்ந்திருக்கும். சர்வீஸ் பையன் கீழே நின்று சோப்பு நுரை அடிப்பான். கம்ப்ரசர் காற்று எண்ணெயை அழுத்த, எண்ணெய் தூணைத் தள்ளும். இந்த வகைச் சாமான்களில் கோவை பழைய பெயர். 1960-இல் அங்கே தொடங்கிய எல்ஜி (கொரியக்காரர்களின் எல்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) கம்ப்ரசரோடு கராஜ் கருவிகளையும் செய்யத் தொடங்கிய கம்பெனி. கணேஷ் சந்திர அவென்யூ கடைக்காரர்களுக்கும் கோவை தெரியும். ஆனால் எவ்வளவு உயரம் எழ வேண்டுமோ அவ்வளவு ஆழம் தரைக்குள் அந்தத் தூண் இறங்க வேண்டும். ஏழு படிக் குழியையே காப்பாற்ற முடியாத மண்ணில் அந்தப் பேச்சை யாரும் தொடரவில்லை.

மிஞ்சியது கத்தரி லிப்ட். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடியும் இரும்புக் கால்கள், மேலே இரண்டு குட்டைப் பலகைகள். இறக்கினால் நாலேகால் அங்குல உயரத்தில் தரையோடு படுத்துவிடும், கார் மேலே ஏறி நிற்கலாம். நடுத்தர வகை மூன்றரை அடியிலிருந்து நாலடி வரை தூக்கும். நிமிர்ந்து நிற்க முடியாது. சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்யலாம். இதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஒரே சட்டமாக நடுவை அடைத்துக்கொண்டு வரும் வகையில் கியர்பாக்ஸை இறக்க வழியிருக்காது. இடமும் வலமும் தனித்தனிப் பலகையாக, நடுப்பகுதி திறந்திருக்கும் வகைதான் வேலைக்கு உதவும். அழகில்லாத சாமான். ஆனால் பத்தடி அகலம், நாலேகால் அடி மிச்சம் என்ற கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

இந்த இடத்தில் ஹௌரா குறுக்கே வந்தது. பாலத்தைத் தாண்டினால் பெலிலியஸ் ரோடு. லேத் பட்டறைகளின் ஊர். ஒரு காலத்தில் கிழக்கின் ஷெஃபீல்டு என்று பெயர் வாங்கிய இடம். வரைபடம்கூட வேண்டாம், ஒரு போட்டோ கொடுத்தால் போதும், செய்துவிடுவார்கள். உறவினர் ஒருவர் விலை கேட்டு வந்தார்; கடை விலையில் பாதி. கடை விலையோ லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சபலம். எஞ்சினியர் ஒரு மாலை போய்ப் பட்டறையைப் பார்த்தார். வெல்டிங் நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொண்டார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. எண்ணெய்க் குழாய் வெடித்தால் எது பிடிக்கும்? இதற்கு முன் செய்து கொடுத்ததில் எவ்வளவு பாரம் ஏற்றிச் சோதித்தீர்கள்? பட்டறைக்காரர் நேர்மையானவர். சோதித்ததில்லை என்றார்.

முதல் கேள்விதான் முக்கியம். எல்லா லிப்டிலும் தூக்குவது எண்ணெய் அழுத்தம் அல்லது திருகு. தாங்க வேண்டியது அதுவல்ல. மேலே போகும்போது ஒவ்வொரு படியிலும் 'டக், டக்' என்று ஒரு இரும்புப் பல் பள்ளத்தில் விழும். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி, முழுப் பாரத்தையும் அந்தப் பல்லின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகு குழாய் வெடித்தாலும், கரண்ட் போனாலும், கார் அங்கேயே நிற்கும். அவசரக்காரர்கள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. எண்ணெய்மேல் நிற்கும் காருக்கு அடியில் நுழைகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லிப்டுகளுக்கென்றே தரக்கட்டுப்பாடுகள் இருக்கின்றன, ஐரோப்பிய எண் ஈஎன் 1493. கேட்டலாகில் அந்த எண்ணைத் தேடுவது டன்னைத் தேடுவதைவிடப் புத்திசாலித்தனம். பெலிலியஸ் ரோடு சபலம் அன்றோடு தீர்ந்தது.

இனி தரை. மெக்கானிக்தான் முதலில் சொன்னார். சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிவிட்டு, "தாதா, இந்தத் தரை ஆணியைப் பிடிக்காது" என்றார். தாதா நம்பவில்லை. "உஸ்தாத், தொண்ணூறு வருஷமாக இந்தத் தரை அசையவில்லையே?" "நின்றது சரி தாதா. இதுவரைக்கும் அதை யாரும் பிடித்து இழுக்கவில்லையே."

உடைத்துப் பார்த்தபோது உஸ்தாத் சொன்னது சரி. மேலே ஒன்றரை அங்குலம் 'பேடண்ட் ஸ்டோன்' என்று வங்காளத்தில் சொல்லும் வழவழப்பான சிமெண்ட். அதன் கீழே கருகச் சுட்ட செங்கல்லை உடைத்துப் போட்ட ஜல்லி, சுண்ணாம்பும் செங்கல்பொடியும் கலந்த சாந்து. அதற்குக் கீழே படுக்க வைத்த செங்கல் ஒரு வரி. பிறகு ஏரி மண். நடப்பதற்கும் நிறுத்துவதற்கும் அருமையான தரை. ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் செங்கல் ஜல்லி மாவாக உதிரும். லிப்ட் செய்பவர்கள் கேட்பது வகையைப் பொறுத்து நாலு முதல் ஆறு அங்குலக் கனத்தில் உறுதியான கான்கிரீட், விரிசலோ ஓரமோ போல்ட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல். இரண்டு பலகையும் ஒரே மட்டத்தில் எழ வேண்டுமானால் அந்த வாசல் பக்கச் சரிவும் போக வேண்டும்.

ஆக, தரை முழுதும் போக வேண்டும். தரை போனால் குழியும் போக வேண்டும்.

இதில்தான் வீடு இரண்டு பட்டது. எஞ்சினியரின் தங்கைக்கு அந்தக் குழி என்பது அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தலை மட்டும் தரைக்கு மேல் தெரியும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டா, பதினான்கா என்று கண்ணால் பார்த்தே சொல்ல அங்கேதான் கற்றார்கள். பலகை போட்டு மூடிவிட்டு அப்படியே வைத்திருந்தால் என்ன என்று அவர் கேட்டார். அண்ணனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காலியான குழியின் மேல் கான்கிரீட் போட்டு, அதன்மேல் லிப்ட், அதன்மேல் கார் என்றால் அது தரை இல்லை, பாலம். பாலம் கட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஜனவரியில் குழி தூர்ந்தது. கங்கை மணலை அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, இடித்தார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் அடுத்த மழையில் மணல் அமுங்கி மேலே தளம் பிளக்கும். தங்கை மேல்படியின் செங்கல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, கம்பி வலை, ஆறு அங்குல கான்கிரீட். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தது எஞ்சினியரேதான், மேஸ்திரியை நம்பாமல். இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்கு. அதுவரை போல்ட் துளை போட அனுமதியில்லை. அம்பாசடர் சந்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

அந்த இருபத்தெட்டு நாளில் காருக்கும் ஒரு சிகிச்சை நடந்தது. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த உடம்பு, கூடே சட்டம். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. லிப்டின் ரப்பர் கட்டைகள் தாங்கப் போவதும் ஏறக்குறைய அங்கேதான். ஐம்பது மழைக்காலம் சந்துத் தண்ணீரில் ஓடிய வண்டியில் அந்தத் தகடு எப்படி இருக்கும்? மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. உஸ்தாத் ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது. அப்படியே லிப்டில் ஏற்றியிருந்தால் கார் மேலே போயிருக்காது, கட்டைதான் காருக்குள் போயிருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் லிப்ட் விலையோடு டிங்கரிங் செலவையும் கூட்டிக்கொள்வது நல்லது. ராஜபஜார் பக்கத்திலிருந்து வந்த டிங்கர் இரண்டு பக்கமும் அழுகியதை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். பத்து நாள் வேலை.

மார்ச் மாதத்தில் லிப்ட் வந்தது. மூன்று ஃபேஸ் மின்சாரம் வீட்டில் இல்லாததால் ஒற்றை ஃபேஸ் மோட்டார். கடை ஆள் மோட்டாரையும் எண்ணெய்த் தொட்டியையும் தரையில் வைக்கப் போனபோது, எஞ்சினியர் சுவரில் ஐந்தடி உயரத்தில் கோடு போட்டுக் காட்டினார். கடை ஆள் குழாய் போதாது என்றார், கூடுதல் குழாய்க்குப் பணம் கேட்டார், வாங்கிக்கொண்டார். முதல் தடவை தூக்கியபோது கார் ஓரடி எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு டக், டக். நாலடி ஆனதும் இறக்கிப் பல்மேல் உட்கார்த்தினார்கள். காரின் கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் உஸ்தாத் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாணுக்குக் குறைவு. முக்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனவர், கிரீஸ் நிப்பிள்களை முதன்முதலாகக் கண்ணுக்கு நேரே பார்த்து எண்ணினார். அதில் இரண்டுக்கு இத்தனை வருடமாகக் கிரீஸே போகவில்லை என்பது தெரிந்தது. தரையில் படுத்திருந்தவரின் உயராத தோளுக்கு அவை எட்டவில்லை.

ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். 1968 முதல் கொல்கத்தாவில் நடக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழைய கார் பேரணியில் ஓட்டும் ஒருவர், தன் ஷெட்டுக்கும் இதே சாமான் வேண்டும் என்றார். அவருடையது வடக்கே, பழைய லாயம், கூரை பதினைந்தடி. அவருக்கு வேண்டியது இதுவல்ல என்று எஞ்சினியர் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, மகாளயத்துக்கு மறுநாள், பந்தல்களில் துர்க்கைக்குக் கண் திறக்கும் சமயம், கொல்கத்தாவில் வானம் பொத்துக்கொண்டது. விடிவதற்குள் சுமார் 250 மில்லிமீட்டர். தெற்கே சில இடங்களில் அதற்கும் மேல். தெருத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஷெட்டுக்குள் முழங்கால் வரை. அம்பாசடர் முந்தின நாள்தான் சைலன்சர் வேலைக்காக ஏற்றியிருந்தது. தண்ணீருக்கு மேலே, நாலடி உயரத்தில், பல்மேல் உட்கார்ந்திருந்தது. ஐந்தடிக் கோட்டில் மோட்டாரும் நனையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் புதிய காரில் சீட் வரை தண்ணீர்.

பாதுகாப்புக்காக அந்தச் சந்தில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். பல்லிலிருந்து விடுவிக்கக் காரை முதலில் அரை அங்குலம் தூக்க வேண்டும்; அதற்கு மோட்டார் ஓட வேண்டும். ஆகவே கார் அங்கேயே இருந்தது. தங்கை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது பழைய குழி இருந்த இடம் எது என்று தண்ணீருக்கு அடியில் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தது. உஸ்தாத் முழங்கால் வரை பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, வயரையெல்லாம் தொட்டுப் பார்த்து, சுவிட்சை அழுத்துவதற்கு முன்னால் எஞ்சினியரைத் திரும்பிப் பார்த்தார். "இறக்கவா தாதா?" "எதற்கு? அந்த இரண்டு நிப்பிளையும் முடித்துவிடுங்கள்" என்றார் தாதா.